விழாவுக்குக் காத்திருந்த கிடங்கு

அண்ணனுக்கு வீட்டில் வழங்கிய பெயர் 'அறிக்கை'. பல் துலக்கப் போவதைக்கூட மூன்று பத்தியில் சொல்லிவிட்டுத்தான் போவார். துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றதும் கேட்க ஆளில்லாமல் போகவே, பண்ணைப் பக்கம் வந்து சேர்ந்தார். அங்கே பதினெட்டு வருடமாக மண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் தங்கை. போன வருடம் மக்காச்சோளத்தில் பாதி தார்ப்பாய்க்கடியில் பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போனது. இன்னொரு வருடம் அப்படிப் போனால் விதைக்கே வழியில்லை. அதனால் அவள் கேட்டது ஒன்றுதான்: மழைக்கு முன் ஒரு கிடங்கு.

"கிடங்குன்னு சொல்லாதே," என்றார் அண்ணன். "மரபுக் களஞ்சியம்."

எல்லையோரம் நின்ற ஏழு மரங்களை வெட்டி, பக்கத்து மர மில்லில் அறுத்து, இரும்பைத் தொடாமல் எழுப்புவது என்று திட்டம். உத்தரத்தின் நுனியைச் செதுக்கித் தூணின் துளைக்குள் இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்தால் சட்டகம் நிற்கும். அதுவரை தங்கைக்கோ தச்சருக்கோ குறையில்லை. வம்பு அந்த மர ஆணியில்தான் வந்தது.

"தூணும் உத்தரமும் பச்சையா இருக்கலாம் சார். ஆணி மட்டும் காய்ஞ்சிருக்கணும்," என்றார் தச்சர். "பச்சை ஆணி சுருங்கிடும். மூட்டெல்லாம் ஆட ஆரம்பிச்சிடும். இதே மரத்துக் கொம்புல சீவித் தர்றேன், ரெண்டு மாசம் காயட்டும்."

"ரெண்டு மாசமா? ஞாயித்துக்கிழமை சட்டகம் தூக்கறோம்னு எல்லாருக்கும் சொல்லியாச்சே. எல்லா மரமும் ஒண்ணா சேர்ந்தே காயட்டும் மேஸ்திரி. அதுதான் குடும்பம்."

தச்சர் தங்கையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மடிப்புக் கலையாத காக்கி மேலங்கியில் வந்தார். முதல் ஆணியை அவரே அடித்தார். இரண்டு அடி காற்றில் போயிற்று, ஒன்று தச்சரின் கட்டைவிரலில் விழுந்தது, நாலாவதுதான் ஆணியைத் தொட்டது. பச்சை மரத்தின் பிசின் கைக்கடிகாரத்தில் தெறித்ததும், வாசனை போட்ட ஈரத்தாளை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். துடைத்த தாளைத் தூணின் துளைக்குள் திணித்துவிட்டுப் படத்துக்குச் சிரித்தார். தங்கை அந்தத் தாளை இரண்டு விரலால் பிடுங்கி எறிந்தாள்.

கூரையும் பலகைச் சுவரும் முடிந்தன. அறுவடையும் முடிந்தது. ஆனால் திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் கொடுத்த தேதி இரண்டு மாதம் தள்ளி.

"அதுவரைக்கும் ஒரு மூட்டை உள்ள போகக்கூடாது," என்று போனில் சொன்னார் அண்ணன். "மரத்தரை கறை படும். காலியா இருந்தாத்தான் கட்டடத்தோட கம்பீரம் தெரியும்."

"சோளம் வெளியில வேகுதுண்ணே."

"தார்ப்பாய் இருக்கில்ல?"

ஆணி காய இரண்டு மாதம் பொறுக்காத மனிதர், மாலை போட ஒரு கழுத்து வர இரண்டு மாதம் காத்திருந்தார். பாதி நிலம் அவர் பெயரில் இருந்ததால் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது தார்ப்பாயைத் தூக்கிக் குவியலுக்குள் கையை விட்டாள். உள்ளே காய்ச்சல்காரன் அக்குள் மாதிரி வெதுவெதுப்பு. வெளியே வந்த கையில் சோளம் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு, நீலப் பூஞ்சணம் பூத்து, ஊறின செருப்பின் நாற்றம் அடித்தது. கையை மூன்று முறை கழுவியும் நாற்றம் போகவில்லை. நேரே கிடங்குக்குள் போய் ஒரு மூட்டில் விரலை வைத்தாள். ஆடுகிற பல் மாதிரி ஆணி கையோடு வந்துவிட்டது.

தச்சரைக் கூப்பிட்டாள். அவர் ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"அன்னைக்கே கொம்புல சீவி, மில்லு தகரக் கூரை மேல காயப்போட்டுட்டேன்மா. எலும்பு மாதிரி கிடக்கு."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா அதுக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை பார்ப்பாரு."

கயிறு கட்டி மூட்டுகளை இழுத்து இறுக்கி, அறுபத்தி நாலு ஆணியையும் மாற்ற ஒன்றரை நாள் ஆனது. பிறகு மில் ஆட்கள் நாலு பேர் கைகொடுக்க, கெட்டதைக் கழித்துத் தள்ளி, நல்லதை உலர்த்தி மூட்டை பிடித்து, கூரை முட்ட அடுக்கினாள்.

விழாவன்று காலை வாடகை நாற்காலிகள் ஏற்றிய வண்டியோடு வந்த அண்ணன், கதவைத் திறந்து மூட்டைச் சுவரில் மூக்கை இடித்துக்கொண்டார்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே? ஒரு மணி நேரம் எல்லாத்தையும் வெளியே வை. படம் எடுத்ததும் உள்ள வெச்சுக்கலாம்."

"வானத்தைப் பாத்தீங்களா?"

"விருந்தினர் வந்து நிக்கும்போது எனக்கு அசிங்கமா இருக்காதா?"

"நூத்தி அறுபது மூட்டை. தூக்கறதுன்னா நீங்க தூக்குங்க. ஒரு மூட்டை வெளிய வந்தா அடுத்த வருஷம் விதைக்கறதும் நீங்கதான்."

வாசலிலேயே நின்றாள். அண்ணன் மூட்டையைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார். விருந்தினர் கார் பண்ணைக்குள் திரும்பியது. அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, காலிக் கட்டடத்தைத் திறப்பது வெறும் சடங்கு. விளைச்சலோடுதான் திறக்க வேண்டும் என்பது என் முதல் நாள் முடிவு. ஆணிகளைக்கூட இரண்டு மாதம் உலர்த்தினோம்."

கைதட்டினார்கள். தங்கைக்கு வாய்க்குள் ஈ போன மாதிரி இருந்தது. தச்சர் அடிபட்டுக் கறுத்துப்போன கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"வாம்மா தங்கச்சி, படத்துக்கு நில்லு."

மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் கிடங்கை நோக்கி ஓடிவந்தார்கள்.

"உள்ள ஆளுக்கு இடமில்லை," என்றாள். தச்சரை மட்டும் மூட்டைக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் இழுத்துக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அண்ணாந்து பார்த்தாள். எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் குடைக்கடியில் நின்று அண்ணன் இன்னும் பேசுவது கதவிடுக்கு வழியே கொழகொழவென்று வந்துகொண்டிருந்தது.

"இந்த இடுக்குல ஒரு மரச் சட்டம் அடிச்சா குறையும்மா," என்றார் தச்சர்.

"அடிங்க."

"அவர் பேசி முடிக்கட்டுமே."

"இப்பவே அடிங்க மேஸ்திரி. நல்லா சத்தமா."