அசைந்தால் எரியும் விளக்கு

1

இது கதையாகத் தொடங்கவில்லை. குறைந்த செலவில் வீட்டை எடுப்பாக்கி, மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும் ஐந்து வழிகளை ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு, கதவிடுக்குக்கு ரப்பர் பட்டை, மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரை, குண்டு பல்புக்குப் பதில் எல்இடி. நான்கையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ஐந்தாவது, ஆள் அசைந்தால் எரிந்து, அசையாவிட்டால் ஐந்து நிமிடத்தில் அணையும் சென்சார் விளக்கு. அதை எழுதும்போது கூடத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை.

2

"இருள் கவிந்த கூடத்தில், தன் வாழ்வின்" — வேண்டாம்.

அவருடைய தொழிலை மூன்று முறை மாற்றினேன். இப்போதைக்கு அச்சக மேற்பார்வையாளர். அச்சகத்தை மூடி ஏழு மாதமாகிறது. மாலையானால் விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். படிப்பதில்லை, பேசுவதில்லை. மனைவி எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள்.

"அக்கா, இதெல்லாம் மாடிப்படிக்கு மாட்டுறது."

"கூடத்துல மாட்டுங்க."

"அசையாம உக்காந்தா பொசுக்குனு அணைஞ்சிரும்."

"அணையட்டும்."

"உங்க வீடு. அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

மின்சாரத்துக்காக மாட்டினாளா, அவரை அசைக்க மாட்டினாளா? (இங்கே 'அவள்' என்பதை 'நான்' என்று மாற்றிப் பார்த்தேன். சரிவரவில்லை. திரும்ப மாற்றிவிட்டேன்.)

3

முதல் நாள் விளக்கு அணைந்ததும் நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் கையைத் தூக்கினார். எரிந்தது. மகள் பார்த்துவிட்டாள்.

"என்னப்பா, அட்டெண்டென்ஸா?"

சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கையைத் தூக்கவில்லை.

(மகள் கெட்டவள் இல்லை. வேலைக்குப் போகிறாள், களைத்து வருகிறாள். வீட்டுச் சாவியைப் பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் போட்டுவிட்டு, தினமும் வாசலில் நின்று தேடுவாள். இது கதைக்குத் தேவையா, தெரியவில்லை. இருக்கட்டும்.)

4

முடிவு ஒன்று: அவர் கையைத் தூக்குகிறார். பத்திரிகைக்குப் பிடிக்கும். எனக்குத்தான் அவர் தூக்குவார் என்ற நம்பிக்கை இல்லை.

முடிவு இரண்டு: மனைவி சென்சாரைக் கழற்றச் சொல்கிறாள். எலக்ட்ரீஷியன், "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். அந்தச் சந்தோஷத்தை எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

முடிவு மூன்று: அவர் இருட்டிலேயே

இல்லை. இதை எழுத மாட்டேன்.

5

நடந்தது வேறு. மாலை ஆறே முக்கால். மனைவி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை அசையும்வரை விளக்கும் எரிந்தது. துணி தீர்ந்தது. எழுந்து போகச் சோம்பலாக இருந்தது. விளக்கு அணைந்தது. கையைத் தூக்கலாம் என்று நினைத்தாள்.

"இருக்கட்டும்," என்றார்.

இருந்தாள்.

"கடைசி நாள் பிரஸ்ல எல்லா லைட்டையும் நான்தான் அணைச்சேன்."

"சொல்லவே இல்லையே."

"வெளிச்சத்துல எப்படிச் சொல்றது?" என்றார். "மெஷின் ரூம்ல மட்டும் சுவிட்ச் ரிப்பேர். அணைக்க முடியல. அப்படியே விட்டுட்டு, பூட்டிட்டு வந்துட்டேன்."

"இன்னும் எரியுதா?"

"அதத்தான் ஏழு மாசமா யோசிக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டில் எது வந்தாலும் தோள் குலுங்கும், விளக்கு எரிந்துவிடும், அவர் பேச்சு நின்றுவிடும். அடக்கிக்கொண்டேன்.

"அப்புறம்?" என்றேன்.

6

அடுத்த வாக்கியத்தில் யாராவது அசைந்தாக வேண்டும். அதனால் அதை எழுதவில்லை. மகளின் பேருந்தை இரண்டு சிக்னலில் நிறுத்திப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. வந்துவிட்டாள். அழைப்புமணியை இந்தக் கதையில் நான் வைக்கவில்லை. வாசலில் பையைத் துழாவும் சத்தம் கேட்கிறது.

உள்ளே அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

சாவி எங்கே கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சொல்லாதீர்கள்.