ரோஸ் மருந்து

மலம் தார் போலக் கறுத்திருந்ததை ஒச்சப்பன் வீட்டில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை கொச்சியில் பள்ளுருத்தி பஸ் நிறுத்தத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். தகவல் கேட்டு ஓடிவந்த மனைவி கங்கா, ஆட்டோ பிடித்து அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் ஷீஜா, சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண் இருப்பதாகவும் அதிலிருந்து கசிந்த ரத்தத்தை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். எத்தனை நாளாக வயிறு எரிகிறது என்று கேட்டார். ஒச்சப்பன் கங்காவைப் பார்த்தான்.

"இருபத்தேழு வருஷம் ஆச்சு டாக்டர்" என்றாள் அவள்.

கணக்கு அவளுக்கு மறக்காது. அப்போது அவள் மட்டாஞ்சேரி பஜாரில் வெங்கிட்டு என்பவரின் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அவளுடையது, தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து முனிசிபாலிட்டி வேலைக்கு வந்து கொச்சியில் தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். ஒச்சப்பன் உசிலம்பட்டியிலிருந்து புதிதாக வந்து எதிரே இருந்த மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கினான். காலையில் பால் விடாத ஒரு கட்டன் சாயாவோடு சுமக்கத் தொடங்குபவனுக்குப் பதினொரு மணிக்கெல்லாம் வயிறு எரிந்தது. கடைக்கு வந்து, தெரியாத மலையாளத்தில் திணறினான்.

"வெறும் வயித்துல எரியுதா, சாப்ட்டா எரியுதா?" என்று அவள் தமிழில் கேட்டதும் வலியை மறந்து சிரித்துவிட்டான்.

அவள் ரோஸ் நிற மருந்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். பெப்பர்மின்ட் மணக்கும், சுண்ணாம்புபோல நாக்கில் ஒட்டும். குடித்த சற்று நேரத்தில் முகம் தெளிந்துவிடும். மேலுதட்டில் ரோஸ் மீசையோடு நிற்பவனுக்கு அவள் தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவாள். துடைத்துக்கொண்டு போவான், சில நாள் ஒரு பாட்டிலும் வாங்கிக்கொண்டு. மறுநாளும் வருவான். காய்ந்த இஞ்சியும் மிளகும் மணக்கும் அந்தத் தெருவில், பதினொரு மணி ஆவதற்காக அவள் காத்திருந்த மழைக்காலம் ஒன்று உண்டு. அடுத்த மேட மாதம், சித்திரையில், கல்யாணம் நடந்தது.

பிறகு தினமும் வீட்டிலேயே ஊற்றிக் கொடுத்தாள். முதுகுவலிக்கு அவன் மாத்திரை போடத் தொடங்கியதும் எரிச்சல் கூடியது. அவளும் மருந்தைக் கூட்டினாள்.

டாக்டர் ஷீஜா பொறுமையாக விளக்கினார். வயிற்றில் இருக்கும் அமிலத்தை அந்த மருந்து முறிக்கும், எரிச்சல் உடனே அடங்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். ஒரு காலத்தில் நாளுக்கு ஏழு வேளை அதையே கொடுத்துப் புண்ணை ஆற்றினார்கள். ஆறியது பலருக்குத் திரும்பவும் வந்தது. இவருடைய புண்ணுக்குக் காரணம் வயிற்றில் குடியிருக்கும் ஒரு கிருமி, கூடவே அந்த வலி மாத்திரை. ரோஸ் மருந்து இரண்டையும் தொடாது. கிருமியைக் கொல்லப் பதினான்கு நாள் மாத்திரை, அமிலம் சுரப்பதையே குறைக்க இன்னொன்று, வலி மாத்திரை இனி கூடாது.

அன்று மாலை வார்டில் கங்கா கஞ்சி ஊட்டாமல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க கிட்ட ஒண்ணு பறையணும். அப்பவே வெங்கிட்டு சார் எங்கிட்ட சொன்னாரு, இந்த ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, குழாய் விட்டு நோக்கணும்னு. நான் சொல்லல."

"ஏன்?"

"வயிறு சரியாயிட்டா நீங்க கடைக்கு வரமாட்டீங்கன்னு பயம்."

ஒச்சப்பன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தே ராத்திரியைக் கழித்தாள்.

காலையில் அவனே கூப்பிட்டான். கோபம் இருந்தது என்றான். இப்போதும் கொஞ்சம் இருக்கிறதாம். ஆனால் அவள் சொல்லியிருந்தாலும் தான் போயிருக்கமாட்டேன், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எவன் குழாய் முழுங்குவான் என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பாதி நாளு எனக்கு வயிறே எரியல புள்ள. சும்மாதான் வந்தேன். ரூம்ல கட்டிலுக்கடியில ஏழு பாட்டில் மூடி திறக்காமக் கெடந்துச்சு."

கங்கா அழுதாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எழுந்து வந்து என்னவென்று விசாரித்தாள். ஒன்றுமில்லை சேச்சி என்று ஒச்சப்பன்தான் பதில் சொன்னான்.

வீட்டுக்கு வந்தபின் மாத்திரை வேளைகளைக் கங்கா மலையாளத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள். வாய் கசக்கிறது என்று அவன் முனகியும் அவள் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. முதுகுக்கு வென்னீர் ஒத்தடம் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்துச் சோதித்தபோது கிருமி போயிருந்தது, புண்ணும் ஆறியிருந்தது. மூட்டை தூக்குவதை விட்டு, வல்லார்பாடத்தில் ஒரு கிடங்குக்குக் காவல் வேலைக்குப் போனான்.

முதல் விடுமுறை ஞாயிற்றுக்கிழமை மத்தி மீன் வாங்கிக் குடம்புளி போட்டுச் சிவக்கச் சிவக்கக் குழம்பு வைத்தாள். அவன் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். சாயங்காலம்வரை அவன் கை வயிற்றுப் பக்கம் போகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் குறட்டை விட்டுத் தூங்கினான்.