அளவைக்கல்

கூதிர்ப்பருவத்து முதல் திங்கட்கிழமை, ஆற்றின் வடகரையில் புதிய சாலைக்கென ஒதுக்கிய வயலில் தொல்பொருள் தேடித் தோண்டிய சோதனைக் குழிகள் அத்தனையும் வெறுமையாய் இருந்தன. பஞ்சைப் பிரித்து விரித்தாற்போலப் பனி நிலத்தின்மேல் தவழ, உழவில் இழுபட்டு வயலெங்கும் சிதறிய பழம்பானையோடுகள் கழுவிவைத்த பற்கள்போல் மின்ன, இத்தனை ஓடு சுமக்கும் மண்ணுக்கடியில் ஒன்றுமே இல்லை என்பதை நிலவரைபடம் தீட்டுபவளின் உள்ளம் ஏற்க மறுத்தது. மாலைக்குள் 'ஒன்றுமில்லை' என்ற அறிக்கையில் அவள் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டால், கீழே துயில்வது எதுவாயினும் சாலைக்கடியில் என்றென்றைக்கும் அடங்கிவிடும்.

குழிதோண்டும் குழுவின் தலைவன் அவளுடைய கொழுந்தன். சாலை போடுவோருடன் அவன் சிரித்து உண்டதையும், அவன் காலணியில் சேறு படியாதிருந்ததையும் எண்ண எண்ண, ஈரச்சுவரில் பூஞ்சைபோல் ஐயம் அவளுள் படர்ந்தது. கூடாரத்தில் எல்லோர் முன்னும் கேட்டுவிட்டாள்.

"உண்மையச் சொல்லு. தோண்டினியா, இல்ல மேலாக்கக் கீறிட்டு மூடிட்டியா?"

"என்ன அண்ணி, குழம்புல உப்பு கம்மின்னு சொன்னதுக்கு இங்க வச்சுப் பழி வாங்குறீங்களா?" என்று சிரித்தவன், அவள் முகம் மாறாதது கண்டு சிரிப்பை நிறுத்தினான். "மண்வெட்டி சும்மாத்தான் கிடக்கு. நீங்களே போய்ப் பாருங்க."

அவள் போய்ப் பார்த்தாள். தோண்டி முடித்த குழியின் அடியில் இக்காலப் பொருளொன்றை இட்டு மூடுவது அகழ்வோர் வழக்கம். அதற்குக் கீழுள்ளது தொடாத மண்ணெனப் பின்வருவோர் அறிவதற்கு. மண்ணை அள்ளி அள்ளி இடுப்பளவு ஆழம் இறங்கியபோது, குளிர்பானப் புட்டியின் சிவப்பு மூடியொன்று அவளை நோக்கிக் கிடந்தது. அவன் ஒழுங்காகத்தான் தோண்டியிருந்தான். இடத்தைக் குறித்தவள் அவள்.

குழிகள் யாவும், நிலத்தடியைக் கருவியால் ஆய்ந்த படத்தில் ஐயம் தந்த இடங்களை வயலோரத்து அளவைக்கல்லிலிருந்து அளந்து குறித்தவை. அக்கல் தன்னிடத்தில்தான் நிற்கிறதா என மறுகரைக் கல்லோடு ஒத்துப்பார்க்க அவள் சோம்பியிருந்தாள். ஓடிச்சென்று பார்த்தாள். கல்லைச் சுற்றி மண் புதிதாயிருந்தது. வரப்பின் மறுமுனையில், கல்லின் அகலத்திலேயே ஒரு பள்ளம் தழையால் மூடப்பட்டிருந்தது.

அன்று அவள் கையொப்பமிடவில்லை. மறுநாள் திருத்திக் குறித்த முதற்குழியிலேயே எரிந்த எலும்புகள் நிறைந்த மட்கலம் வெளிப்பட்டது. சாலை மேற்கே திருப்பப்பட்டது. கல்லைப் பெயர்த்தவர் யாரென்று சாலை போடுவோரைக் கேட்டவர்க்கெல்லாம், "எங்களுக்கு என்னங்க தெரியும்?" என்பதே விடையாயிற்று.

அவள் மன்னிப்புக் கேட்டாள், கொழுந்தன் தலையசைத்தான். அடுத்த வாரம் அவன் வேறு குழுவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான்.