கோட்டையிலிருந்து அரிச்சந்திரன் கல் வரை

1996 ஆடி மாதம் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக் கல்லறையிலிருந்து எழுந்து வந்த ஹென்ரிக்குக்கு இடுப்புவலி உயிரை எடுத்தது. இருநூற்றுப் பதினோரு வருஷம் ஒரே வாக்கில் படுத்திருந்தால் யாருக்கும் வலிக்கும். கோட்டைக் காவலாள் பன்னீர்செல்வம் டீயும் ரெண்டு பன்னும் வாங்கிக் கொடுத்து, வந்த காரியத்தைக் கேட்டார். டச்சுக் கும்பினியின் கிடங்கில் துணிமூட்டைக்கு முத்திரை குத்தியவர் ஹென்ரிக். மிச்ச நேரத்தில் வயலினுக்கும் கொம்புக்கும் இசை எழுதியவர். ஐந்து சிம்பொனிகளை ஐந்து கப்பல்களில் தாய்நாட்டுக்கு அனுப்பினார், ஐந்தும் மூழ்கின. ஆறாவதை எழுதி முடித்த வாரம் பேதியில் செத்தார். தான் எழுதியதில் ஒரு வரியைக்கூடப் பிறர் வாசித்து அவர் கேட்டதில்லை. ஆறாவதை முழுசாக ஒரு தடவை கேட்காமல் திரும்பப் படுப்பதில்லை என்றார். இதையெல்லாம் தமிழில்தான் சொன்னார். கல்லறைமேல் உட்கார்ந்து கதை பேசியவர்களிடம் கற்ற தமிழ்.

கல்பாக்கம் பக்கம் கட்டட வேலைக்குப் போய் ஜல்லி சுமந்தார். காலி சிமெண்டுப் பைகளைக் கிழித்து, ஞாபகத்திலிருந்த இசையை மறுபடி எழுதினார். சாவுக்கு வாசிக்கும் ராஜேந்திரன் பேண்டு செட்டில் பதினோரு பேர். "நோட்டெல்லாம் நமக்குப் படிக்க வராது அண்ணாத்த. நீ வாயால பாடு, புடிச்சிக்கிறோம்" என்றார் ராஜேந்திரன். ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனியாகப் பாடிக் கொடுத்து முடிக்க ஐந்து வருஷம் பிடித்தது. ஆனால் பின்னால் பாடை வராமல் முழுப்பாட்டு வாசிக்கும் வழக்கம் அந்த செட்டுக்கு இல்லை. நடந்தால்தான் அவர்களுக்கு ஊத மூச்சு வரும்.

சாவு வீடுகள் சினிமாப் பாட்டுதான் கேட்டன. 2001இல் மீன் விற்கும் அம்சாவின் புருஷன் செத்தபோது, "அந்தாளுக்கு எந்தப் பாட்டும் புடிக்காது, எதுனா ஊதுங்க" என்று விட்டுவிட்டாள். ஆறாவதை ஊதினார்கள். கடல் அலை எழுப்பாமல் நின்றது. கட்டியிருந்த கால் கட்டைவிரல்கள் தாளம் போட்டன. பாடை எடை குறைந்ததாகத் தூக்கியவர்கள் சொன்னார்கள். இருபதாவது நிமிஷம், சுடுகாட்டு எல்லையில் இருக்கும் அரிச்சந்திரன் கல் வந்ததும் செட் சட்டென்று நின்றது. இன்னும் பன்னிரண்டு நிமிஷ இசை பாக்கி.

"வாசிங்கடா!"

"கல்லுக்கு அப்பால ஊதமாட்டோம். எங்கப்பன் சாவுக்கே ஊதல. வேணா பாட்ட சுருக்கு" என்றார் ராஜேந்திரன்.

"ஒரு வரி கொறைக்கமாட்டேன்" என்றார் ஹென்ரிக்.

தெருத்தெருவாக நடந்து அளந்தார். எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் இருபது நிமிஷத்தில் கல் வந்துவிட்டது. கோட்டையிலிருந்துதான் அரைமணிக்கு மேல். அங்கே குடியிருந்து செத்தவர் ஊரறிய அவர் ஒருவர்தான். 2003 தை மாதம் குளித்துவிட்டு வந்து பாடையில் ஏறிப் படுத்தார்.

"பேசிகினு கீறவன எங்கடா தூக்கிகினு போறீங்க?" என்றாள் அம்சா.

"நான் செத்து இருநூறு வருசத்துக்கு மேல ஆவுதும்மா, வழி வுடு."

பன்னீர்செல்வமும் ஜல்லி சுமக்கும் மூன்று பேரும் தோள் கொடுத்தார்கள். கல்லுக்குப் பத்தடி முன்னால் கடைசி ஒலி முடிந்தது. ஹென்ரிக் எழுந்து உட்கார்ந்தார். "டிரம்பெட்டு ஒரு எடத்துல முந்திட்டான். பரவால்ல" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, படுப்பதற்காகக் கோட்டைக்குக் கிளம்பினார்.

பன்னீர்செல்வம் வழி மறித்தார். "நாலு பேரு தோள் குடுத்துகீறோம். திருப்பிக் குடுக்காம எங்க நைனா போற?"

ஊர் வழக்கம் அது, ஹென்ரிக் ஒப்புக்கொண்டார். 2007இல் பன்னீர்செல்வம் செத்தபோது வலப்பக்கம் முன்தோள் கொடுத்தார். மற்ற மூவரும் திடமாக இருக்கிறார்கள். அவர்களோடு அவரும் ஜல்லி சுமக்கப் போகிறார். இன்னும் மூன்று தோள் பாக்கி.