பதினான்காம் கடையும் ஓர் எழுத்தும்

சந்தையில் பதினான்காம் கடையை வாடகைக்குத் தர மறுத்ததற்காக வெங்காயக்காரி போட்ட வழக்கு ஏழு வருஷம் நடந்தது. ஏழு வருஷமும் முதல் நாள் விசாரணையாகவே நடந்தது. காரணம் ஓர் எழுத்து. 'விண்ணப்பம் மறுக்கப்படுகிறது' என்று வரவேண்டிய ஆணையில் 'மறக்கப்படுகிறது' என்று அடித்திருந்தது. ஆணை என்றால் ஆணைதானே! படித்தவர்கள் அந்த நிமிஷமே அவள் கேட்டதை மறந்தார்கள். வாயால் சொன்னால் புரியும். மறுபடி தாளைப் பார்த்தால் போச்சு.

முதலில் மறந்தது அவள் புருஷன். வெங்காயம் உரித்த கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை என்று அவனிடம் நீட்டினாள். படித்துவிட்டு, "யாருக்குக் கடை?" என்றான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வக்கீல் வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்ததும், "வாங்கம்மா, என்ன விஷயம்?" என்பார். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் படித்துவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடுவார். சந்தை மேலாளரின் மச்சானோ அந்தக் கடையில் காலிச் சாக்குகளைப் போட்டுப் பூட்டிவைத்திருந்தார். பாவம், இவள் வாசலில் நின்று விற்றாள். மழைக்கு மழை மூட்டை அழுகியது. இன்னொரு மழை பெய்தால் வியாபாரத்தையே விடவேண்டியதுதான்.

கோர்ட்டுக்கும் சந்தை அலுவலகத்துக்கும் ஒரே தட்டச்சுக்காரர். ஒருநாள் அவர், "கடை கிடைச்சுதாக்கா?" என்று கேட்டார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"உங்களுக்கு மட்டும் எப்படிங்க ஞாபகம் இருக்கு?"

"நான் எங்கக்கா படிக்கறேன்? அடிக்கறதோட சரி."

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அன்று நீதிபதி கட்டைத் தொட்டதும் கத்தினாள்: "ஐயா, புண்ணியமாப் போகும், அதைப் படிக்காதீங்க! நான் சொல்றேன்." அவர் கேட்டார். சாக்குக்கு இடம் உண்டு, மனுஷிக்கு இல்லையா என்று கடுப்பாகி, கடை அவளுக்கே என்று தீர்ப்புச் சொன்னார்.

அடித்தவர் அதே ஆள்தான். 'பதினான்காம் கடை வழங்கப்படுகிறது' என்பது 'வணங்கப்படுகிறது' என்று விழுந்தது. மறுநாள் மேலாளர் தீர்ப்பைப் படித்தார், சாக்குகளைத் தன் கையாலேயே அள்ளி வெளியே போட்டார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கடை முன்னால் கைகூப்பி நின்றார். மச்சானும் வாங்கிப் படித்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். வெங்காயக்காரி கடைக்குள் நிழலில் மூட்டையை இறக்கி, முதல் வேலையாகத் தராசை மாட்டினாள்.

தட்டச்சுக்காரர் ஓடிவந்தார். "தப்பாயிடுச்சாமேக்கா, திருத்தித் தரட்டுமா?"

"கை வெச்சீங்க, அவ்வளவுதான்!"

மேலாளர் இப்போதும் தினம் காலையில் வந்து கும்பிடுகிறார். கொஞ்சம் ஓரமாக நின்று கும்பிடச் சொல்லியிருக்கிறாள், வியாபாரத்தை மறைக்கிறாராம்.