கயிற்றின் மேல்முனை

தோசிந்தா தன் புருஷனின் கல்லறையை மூன்று தடவை தட்டினாள். கதவைத் தட்டுகிற மாதிரியேதான் தட்டினாள்.

"எலாதியோ, எழுந்திரு. சான் ஆந்த்ரேஸுக்குப் போறோம். உயிரோட இருந்தப்ப அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு ஏமாத்தின. இப்ப சாக்கு சொல்ல உனக்கு வாய் இல்ல. கிளம்பு."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் கூப்பிடு அமாரோ. இருபது வருஷம் உன் கயித்துலதானே தொங்கினான்."

நானும் தட்டினேன். கல் குளிர்ந்திருந்தது. "வாடா" என்றேன்.

சான் ஆந்த்ரேஸ் கோயிலுக்கு உயிரோடு போகாதவன் செத்த பிறகாவது போயே தீர வேண்டும் என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பல்லியாகவோ தேரையாகவோ ஊர்ந்து போக வேண்டும். அந்தக் கஷ்டம் வேண்டாமென்றால், வீட்டார் கல்லறைக்கு வந்து அழைத்து, வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துக் கூட்டிப்போக வேண்டும். எலாதியோவைப் புதைத்தது அவன் அப்பாவின் ஊரில். அங்கிருந்து எங்கள் துறைமுகத்துக்கு ஒரு நாள் நடை. மறுநாள் குன்றுகளின் விளிம்பிலேயே நடந்தால் கோயில்.

தோசிந்தா முன்னால் போனாள். அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு நான் போனேன்.

அவள் என்னை அழைத்தது பக்தியால் மட்டுமில்லை. திங்கட்கிழமை தடை நீங்கி, பெர்செபே பறிக்கக் கடல் திறக்கிறது. பெர்செபே என்பது அலை அடிக்கிற பாறையில் விரல் விரலாக ஒட்டிக்கிடக்கும் கொட்டலசு. ஒருவர் கயிற்றில் இறங்கிச் சுரண்டுவார். ஒருவர் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்ப்பார். பெரிய அலை எழுந்தால் "கடல்!" என்று கத்துவார். கீழே இருப்பவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பாறையைக் கட்டிக்கொள்வார். புருஷன் செத்த பத்தாவது மாதத்தில் தோசிந்தா பரீட்சை எழுதி அனுமதி அட்டை வாங்கிவிட்டாள். இறங்கப் போகிறவள் அவள். மேலே நிற்க அமாரோவை விட்டால் யார் என்றது மீனவர் சங்கம். அவள் மட்டும், "நடந்துட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

பிடிக்க ஒரு கயிறு இல்லாவிட்டால் எனக்கு இந்த ஊரில் வேலை இல்லை. அதைவிட, அவள் வேண்டாமென்று சொன்னால் ஏன் என்று ஊரே கேட்கும்.

ஏன் என்பது எனக்குத் தெரியும். எலாதியோ செத்த அன்று, பக்கத்துப் பாறையில் நான்கு திருட்டுப் பறிப்பாளர்கள் இறங்கியிருந்தார்கள். அனுமதி இல்லாத பயல்கள். மூன்று வாரமாக நாங்கள் கை வைக்காமல் விட்டு வளர்த்த இடத்தில் பைபையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் கடலுக்கு முதுகைக் காட்டி, அவர்கள் அம்மா பாட்டி எல்லோரையும் இழுத்துத் திட்டினேன். கல் எடுத்துக்கூட எறிந்தேன். திரும்பிப் பார்த்தபோது கயிற்றில் கனம் இருந்தது, உயிர் இல்லை. சங்கத்திலும் விசாரணையிலும் சாராயக் கடையிலும் ஒரே பாட்டைத்தான் பாடினேன். "சும்மா இருந்த கடல், திடீர்னு எழும்பிருச்சு." கடல் அப்படியும் செய்யும். அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

யூகலிப்டஸ் காட்டைத் தாண்டித் தார்ச்சாலை வந்தது.

"ஓரமா வா, லாரி வருது" என்றாள் தோசிந்தா. எனக்குச் சொல்கிறாள் என்று நான் ஒதுங்கினேன். "உன்னைச் சொல்லல. அவனைச் சொன்னேன்."

"செத்தவனுக்கு லாரியால என்ன?"

"பயந்த சுபாவம். உனக்குத் தெரியாதா? இறங்குற அன்னைக்குக் காலைல மூணு தடவை கக்கூஸ் போவான்."

தெரியும். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அடுத்த நிமிஷமே கேட்டாள்.

"அன்னைக்கும் போனானா?"

"போனான்."

"அப்புறம்?"

"அப்புறம் இறங்கினான். எல்லாம் சொன்னேனே."

"சொன்ன" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் எர்மீத்தாஸின் கடையில் உட்கார்ந்தோம். மேசைக்கு மூன்று நாற்காலி இழுத்துப் போட்டாள் தோசிந்தா. எர்மீத்தாஸ் ஒன்றும் கேட்காமல் மூன்று கிண்ணத்தில் கீரை சூப் கொண்டுவந்தாள்.

"போனவருக்கு ஒயின் ஊத்தவா, இல்ல டாக்டர் வேண்டாம்னுட்டாரா?"

"நிறையவே ஊத்து. இனிமே அவன் கல்லீரலுக்கு என்ன வந்துரப் போவுது."

"புண்ணியவான். என் வீட்டுக்காரன் உயிரோட உக்காந்திருந்தும் இப்படி ஒருத்தரும் கவனிக்கறதில்ல" என்று எர்மீத்தாஸ் சமையலறைப் பக்கம் கத்தினாள். உள்ளேயிருந்து ஒரு கெட்ட வார்த்தை பதிலாக வந்தது.

ரொட்டிக் கூடையை வைக்க இடம் பண்ணுகிறேன் என்று அவள் தோசிந்தாவின் பையை நகர்த்தினாள். "யம்மா, என்ன கனம்! கல்லறையையே பேத்து எடுத்துட்டு வந்துட்டியா?" பை சரிந்து வாய் திறந்தது. உள்ளே நீலக் கயிறு. எலாதியோவின் இடுப்பில் இருந்த கயிறு. பக்கத்தில் அவனுடைய சுரண்டு கம்பி.

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அது எதுக்கு?" என்றேன்.

"நாளைக்குத் தேவைப்படும். நீ சாப்பிடு."

அன்று சாயங்காலம் துறைமுகத்துக்கு வந்து அவரவர் வீட்டில் படுத்தோம். காலையில் அவள் என் வாசலில் நின்றபோது வானம் வெளுத்திருந்தது. காற்று வடமேற்கு. தண்ணீர் வற்றுவது பதினொன்றே கால் மணிக்கு. அவளும் அதைப் பார்த்து வைத்திருப்பாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

குன்றில் ஏறுகிற ஒற்றையடிப் பாதையில் வெயிலுக்குப் பல்லிகள் வந்து கிடந்தன. இந்த வழியில் எதையும் மிதிக்கக் கூடாது. யாருடைய அப்பா எந்த உருவத்தில் போகிறாரோ. நான் குனிந்து குனிந்து கால் வைத்தேன்.

"ரொம்பப் பாத்து நடக்கிறியே" என்றாள்.

"பாக்க வேணாமா?"

"பாக்கணும். பாக்க வேண்டியத எப்பவும் பாக்கணும்."

இடது பக்கம், வெகு ஆழத்தில், கடல் நுரைத்துக்கொண்டிருந்தது.

பத்தரை மணிக்குக் காக்கைப் பாறைக்கு மேலே வந்தோம். நின்றாள். நிற்பாள் என்று நேற்று மத்தியானத்திலிருந்து எனக்குத் தெரியும். எலாதியோ செத்தது அதன் அடியில். ஆடு போகிற தடத்தில் பாதித் தூரம் இறங்கினால் ஒரு மேடை. அதில் நாங்கள் அடித்த இரும்பு முளை. அதற்குக் கீழே கயிறுதான்.

"கோயிலுக்கு முன்னால கல் குவியல்ல ஒரு கல் போடணும்ல? அந்தக் கல்ல இங்கேருந்து எடுக்கப் போறேன். அவன் கடைசியாப் பிடிச்ச பாறையிலேருந்து."

"அலை சரியில்ல தோசிந்தா."

"வத்துற நேரம். உனக்கே தெரியும்."

மேடைக்கு இறங்கினோம். அவள் கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டினாள். முடிச்சு நன்றாகவே போட்டாள். மறுமுனையை முளையில் ஒரு சுற்றுச் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"தீர்ப்பு நாள்ல அந்தக் குவியல்ல இருக்கிற கல்லுங்க எல்லாம் பேசுமாம். யார் வந்தா, யார் வரலைன்னு சொல்லுமாம். எங்க பாட்டன் சொல்லல, பாதிரியாரே சொன்னாரு. இந்தக் கல்லு என்ன சொல்லும் அமாரோ?"

கயிறு என் கையில் இருந்தது. உப்பு ஏறி விறைத்த கயிறு. சொன்னால் இதை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவாள். சொல்லாமல் இருந்தால் திங்கட்கிழமை இருக்கிறது, சங்கம் இருக்கிறது, இருபது வருஷ வேலை இருக்கிறது. ஆனால் அவள் விளிம்பில் திரும்பி, முதுகைக் கடலுக்குக் கொடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைக் கீழே வைத்தாள். எலாதியோவும் அப்படித்தான் இறங்குவான். கடைசி வரை மேலே இருக்கிறவனின் முகத்தைப் பார்ப்பான்.

"நில்லு" என்றேன். "நான் பாக்கல."

"என்னத்த?"

"கடலை. அன்னைக்கு நான் கடலைப் பாக்கல. பக்கத்துப் பாறையில திருட்டுப் பயலுங்க இறங்கியிருந்தானுங்க. திரும்பித் திட்டிக்கிட்டிருந்தேன்."

அவள் அசையவில்லை. ஒரு கால் கீழே, ஒரு கால் மேலே.

"எவ்வளவு நேரம்?"

"பத்து எண்ணுற நேரம். அவ்வளவுதான் இருக்கும்."

"அவ்வளவுதான்" என்றாள்.

மேலே ஏறி வந்தாள். முடிச்சை அவிழ்த்தாள். கயிறு ஈரமில்லாததால் உடனே அவிழ்ந்துவிட்டது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கயிற்றின் முனையை என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து கட்டினாள். இழுத்து இறுக்கியபோது மூச்சு முட்டியது. மறுமுனையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, சுரண்டு கம்பியை என் கையில் திணித்தாள்.

"நீ போய் எடு."

"தோசிந்தா—"

"கல்லு. கைப்பிடி அளவு. கறுப்பா. போ."

நான் இறங்கினேன். வேறு என்ன செய்ய? இருபது வருஷமாக மேலே நின்றவன். கீழேயிருந்து பார்த்தால் பாறை இவ்வளவு உயரம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நடைக்குப் போட்ட செருப்பு பாசியில் வழுக்கியது. கீழே போய் நின்றபோது கடல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முகத்துக்கு நேரே பாறை மட்டும்தான். திரும்பிப் பார்க்கலாம். ஆனால் இரண்டு கையும் வேலை செய்தால் கழுத்து திரும்பாது. அதனால்தான் மேலே ஓர் ஆள் வேண்டும்.

வெடிப்பில் ஒரு கல் இறுகிக்கிடந்தது. கம்பியை நுழைத்து நெம்பினேன். வரவில்லை. இன்னொரு தடவை நெம்பினேன். சின்ன அலைகள் கணுக்காலில் அடித்துப் போயின. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வரவில்லை.

தண்ணீர் பின்னால் உறிஞ்சிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பாறையின் அடிவேர் வரை வெளியே தெரிந்தது. இதுவரை காற்றே பார்க்காத சிவப்புப் பாசி. அந்த அமைதி எனக்குத் தெரியும், மேலேயிருந்து.

நிமிர்ந்து பார்த்தேன். தோசிந்தா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கடலைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

கத்த மாட்டாள் என்று நினைத்தேன். அவளைக் குறை சொல்லவும் தோன்றவில்லை.

"கடல்!"

கம்பியை விட்டேன். வெடிப்புக்குள் இரண்டு கையையும் முழங்கை வரை செருகி, முகத்தைப் பாறையில் அழுத்தினேன். ஒரு வீடு முதுகில் விழுந்தது போல அலை விழுந்தது. காது, மூக்கு, வாய் எல்லாம் தண்ணீர். கால் இரண்டும் பிய்த்துக்கொண்டு போயின. இடுப்பில் கயிறு அறுக்கிற மாதிரி இழுத்தது. அது கடல் இழுப்பு இல்லை, மேலிருந்து இழுப்பு. விடாத இழுப்பு.

தண்ணீர் வடிந்தபோது நான் அங்கேயே இருந்தேன். கம்பி போய்விட்டது. அலையே நெம்பிவிட்டதோ என்னவோ, கல் கையோடு வந்தது.

கல்லைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஏறி வந்து, மேடையில் குப்புற விழுந்து கிடந்தேன். உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தேன். அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தம். ஆனால் சுருள் ஒழுங்காக இருந்தது.

"எப்பப் பாத்த அலைய?" என்றேன்.

"தூரத்துல எழும்பும்போதே."

"கத்த ஏன் இவ்வளவு நேரம்?"

"எண்ணினேன். பத்து எண்ணுற நேரம்னியே, அது எவ்வளவு நீளம்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு." கயிற்றைப் பையில் போட்டாள். "ஏழுல கத்திட்டேன். ஏழுக்கு மேல முடியல."

நான் உட்கார்ந்தேன்.

"பத்துங்கிறது ரொம்ப நீளம் அமாரோ."

"தெரியும்."

"இல்ல. இப்பத்தான் உனக்குத் தெரியும்."

கல்லை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீயே சுமந்துட்டு வா. சங்கத்துல சொல்லுவியா?"

"சொல்லுறேன்."

"எல்லாத்தையும்?"

"திட்டினது, கல்லெறிஞ்சது, எல்லாத்தையும்."

"சொன்னா உன் கூட யாரும் இறங்க மாட்டாங்க. மேல நிக்கவும் விட மாட்டாங்க."

"தெரியும்."

முகத்தைத் தோளில் துடைத்தாள். அழுதாளா, தெறித்த தண்ணீரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

"திங்கக்கிழமை ஆறு மணிக்கு வந்துரு. நீ கீழ, நான் மேல."

"எனக்கு ஐம்பத்திரண்டு வயசு தோசிந்தா. கீழ வேலை செஞ்சு பழக்கமில்ல."

"கத்துக்கோ. எலாதியோ நாப்பத்தொன்பதுலயும் இறங்கினான், கக்கூஸ் போயிட்டு. நீயும் போயிட்டு வா."

"நீ மேல நின்னு... பாப்பியா?"

ஆட்டுத் தடத்தில் ஏறத் தொடங்கியவள் நின்றாள்.

"இன்னைக்குப் பாத்தேன்ல?" என்றாள். "தினமும் என்ன செய்வேன்னு இப்பவே கேக்காத. நாங்களும் அப்படி ஒரு நாளும் உன்னைக் கேட்டதில்ல."

பாதைக்கு வந்தோம். கோயில் இன்னும் ஒன்றரை மணி நேரம். வழக்கம்போல் பின்னால் நிற்கப் போனேன். அவள் வழியை விட்டு ஒதுங்கினாள்.

"நீ முன்னால நட. நடுவுல அவன் வரட்டும். நான் பின்னால வரேன். அவன்கிட்ட நீயே சொல்லு, என்கிட்ட சொன்னத. சத்தமா சொல்லு, காத்து அடிக்குது."

செருப்புக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு பல்லி பாதைக்குக் குறுக்கே வந்து நின்றது. அது போகிற வரை மூன்று பேரும் நின்றோம். பிறகு நான் பேச ஆரம்பித்தேன்.