முப்பத்தாறு மூச்சு

குழந்தைக்குச் சளி பிடித்த மூன்றாம் நாள் மருந்து வந்து சேர்ந்தது. எங்கிருந்து? சிங்கப்பூரிலிருந்து. கப்பலில் போகிறவர்கள் சென்ட்டும் சோப்பும் அனுப்புவார்கள். பிளாரன்ஸின் புருஷன் இனிகோ மருந்து அனுப்பினான். லீவில் ஊருக்கு வந்த அவன் கூட்டாளி தேவபிரசாதம், முட்டையைக் கொண்டுவருவதுபோல் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

பழுப்பு நிறச் சீசா. உள்ளே வெள்ளைப் பவுடர். ஆறின வெந்நீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்கினால் மருந்து தயார். கூடவே இனிகோவின் கையெழுத்தில் ஒரு காகிதம்: 'பிள்ளைக்குச் சளி வந்தால் யோசிக்காதே, உடனே கொடு. இங்குள்ள டாக்டரிடம் கேட்டுத்தான் வாங்கினேன். என்னால் வர முடியவில்லை, இதாவது வரட்டும்.'

அந்தக் கடைசி வரியைப் பிளாரன்ஸ் நாலு தரம் படித்தாள். அவன் சங்கு குளிக்கிற தொழிலை விட்டுவிட்டுக் கப்பலேறிப் பத்து மாசம். அப்போது விக்டோரியா வயிற்றில் இருந்தாள். இப்போது அவளுக்கு ஐந்து மாசம். அப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவன் வர இன்னும் எட்டு மாசம் கிடந்தது. அப்பன் கையிலிருந்து மகளுக்கு வந்த முதல் பொருள் இந்தச் சீசாதான். அதைத் திறக்காமல் வைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

பயமும் இருந்தது. மூத்தவன் சளியில்தான் போனான். வெறும் சளிதானே என்று ஓமமும் துளசியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது நெஞ்சில் இறங்கி இரண்டே நாளில் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. கடலுக்குப் போன இனிகோ கரைக்கு வந்தபோது வீட்டுக்குச் சின்னப் பெட்டி வந்திருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அரள வேண்டியதுக்கு அரண்டவளை என்னவென்று சொல்வது?

"ஏளா, இன்னும் என்ன பாக்க? மச்சான் அம்புட்டுத் தூரத்துல இருந்து அனுப்பியிருக்காரு. கலக்கிக் குடு" என்றான் அவள் அண்ணன் இஞ்ஞாசி.

"டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம் அண்ணே. போன தடவை கேக்காமத்தான கெட்டோம்."

டாக்டர் மெட்டில்டா சீசாவின் மேலிருந்த பேரைப் படித்ததோடு சரி, தொடவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தாள். சட்டையைத் தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, முன்னும் பின்னும் குழாயை வைத்துக் கேட்டாள்.

"பால் குடிக்காளா?"

"குடிக்கா. மூக்கு அடைக்கதால விட்டு விட்டுக் குடிக்கா."

"காய்ச்சல்?"

"முந்தாநாள் இருந்துச்சு. இப்ப இல்ல."

"நெஞ்சு சுத்தமா இருக்கு. இது வெறும் ஜலதோஷம். இந்த மருந்து வேண்டாம்."

பிளாரன்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூத்தவனுக்கும் வெறும் சளின்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

டாக்டரம்மா சுள்ளென்று விழுகிறவள் என்று ஊரில் பேர். அன்று விழவில்லை. "அவன் பால் குடிச்சானா?" என்று கேட்டாள்.

"இல்ல. மூச்சு இளைச்சுச்சு. விலா உள்ள உள்ள இழுத்துச்சு."

"அவனுக்கு அன்னைக்கு இந்த மாதிரி மருந்து வேண்டியிருந்துச்சு. இவளுக்கு வேண்டியதில்ல. ஜலதோஷத்தை இது ஒண்ணும் செய்யாது, குடுத்தா வயித்தாலதான் போகும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாங்களா? தண்ணி ஊத்திட்டா ஒரு வாரம்தான் நிக்கும், அதனால திறக்காம வையி. வேண்டிய நாள் வந்தா நானே சொல்லுதேன். மூக்குக்கு உப்புத்தண்ணிச் சொட்டு போடு. அவ தூங்கும்போது மூச்சை எண்ணு, ஒரு நிமிசம் முழுசா. அம்பதைத் தாண்டுனாலோ, விலா இழுத்தாலோ, பால் வேண்டாம்னாலோ எந்நேரம்னாலும் தூக்கிட்டு ஓடி வா."

வீட்டுக்கு வந்து பிளாரன்ஸ் எண்ணினாள். முதல் தரம் எழுபது வந்தது. அடுத்த தரம் பாதியில் அழுகை வந்து கணக்கு விட்டுப்போனது. பயம் எண்ணினால் அப்படித்தான்.

"தள்ளுளா" என்று இஞ்ஞாசி தொட்டில் பக்கம் உட்கார்ந்தான்.

சங்கு குளிக்கிறவன் கடலுக்குள் இறங்கும்போது, தன்னை மேலே இழுக்கிற கயிற்றைப் பொண்டாட்டியின் அண்ணன் தம்பி கையில்தான் கொடுப்பான். தங்கச்சி தாலிமேல் அவனுக்குத்தானே அக்கறை? ஒன்பது வருஷம் இனிகோவின் கயிற்றைப் பிடித்தவன் இஞ்ஞாசி. கீழே இருப்பவனுக்கு எவ்வளவு மூச்சு மிச்சம் என்று அவன் கைக்குத் தெரியும். அந்தக் கையின் இரண்டு விரலைப் பிள்ளையின் வயிற்றில் வைத்து, வாட்ச்சைப் பார்த்து, உதட்டுக்குள் எண்ணினான்.

"நாப்பத்திரண்டு. விலா இழுக்கல. பயப்படாத."

மறுநாளும் எண்ணினான். அதற்கு மறுநாளும் வலை வேலையைப் போட்டுவிட்டு வந்து எண்ணினான். "மச்சானுக்குக் கயிறு பிடிச்சாப்லயே இருக்குளா" என்றான் சிரித்துக்கொண்டே.

பிளாரன்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவரு கயிறு இப்ப யாரு கையில அண்ணே இருக்கு?" என்று கேட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பத்து மாசமாக அடக்கி வைத்திருந்த அழுகை அது. அண்ணன் தொடர்ந்து எண்ணினான். விரலை எடுக்கவில்லை.

அதற்கும் அடுத்த நாள் விக்டோரியா வாயை விடாமல் பால் குடித்தாள். மூக்கு காய்ந்துவிட்டது. குடித்துவிட்டு அசந்து தூங்கினாள். அண்ணன் எண்ணின பிறகு, இந்தத் தடவை பிளாரன்ஸும் எண்ணினாள். இருவருக்கும் ஒரே கணக்கு வந்தது.

சீசா மாதா படத்துக்குக் கீழே மூடி திறக்காமல் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், வாசல் வரைக்கும் வந்த புருஷனை உள்ளே கூப்பிடாமல் நிற்க வைத்ததுபோல் அவளுக்கு இருந்தது. சாயங்காலம் அவள் காகிதம் எடுத்து எழுத உட்கார்ந்தாள்.

'உங்க மருந்தைக் குடுக்கலை. கோவிச்சுக்காதீங்க. டாக்டரம்மா வேண்டாம்னுட்டாங்க, மாதா பாதத்துல பத்திரமா வச்சிருக்கேன். பிள்ளைக்கு இப்ப சுகம். உங்களுக்குக் கயிறு பிடிச்ச அண்ணன்தான் அவ மூச்சை எண்ணினாரு. தூங்கும்போது நிமிசத்துக்கு முப்பத்தாறு. நீங்க படுத்துக்கிட்டு, வாட்ச்சைப் பாத்து, நெஞ்சுமேல ரெண்டு விரலால முப்பத்தாறு தரம் மெதுவாத் தட்டிப் பாருங்க. உங்க மக இப்படித்தான் தூங்குதா.'